வண்டி நிற்கக் கூடாது

மாலை ஆறரை மணி இருக்கும். மழை எந்த நிமிடமும் பிடித்துக்கொள்ளும் என்கிற மாதிரி வானம். ஊரைத் தாண்டி, சிமெண்ட் கிடங்கைத் தாண்டி, இரண்டு பக்கமும் கம்பிவேலி போட்ட காலி மனைகள். நடுவே ஒரே ஒரு சாலை... விளக்குக் கம்பம் இருக்கிறது, விளக்கு எரியவில்லை. அந்தச் சாலையில் ஒரு வாடகைக் கார் போகிறது. பின்சீட்டில் ஒரு ஆள். பக்கத்தில் அவருடைய அக்கா. அக்காவின் மடியில் ஒரு பை.

“எத்தனை நாளைக்குடா தம்பி?”

“கொஞ்ச நாள்தான்க்கா. ரூம்ல வேலை முடியட்டும். நானே வந்து கூட்டிட்டுப் போறேன்.”

கார் ஒரு இரும்புக் கேட்டுக்கு முன்னால் நின்றது. முதியோர் இல்லம்.

கிட்ட வந்து உட்காருங்கள். என்னால் கத்திப் பேச முடியாது, பக்கத்து அறையில் ஆள் தூங்குகிறது. சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள். இது கேட்டதை நாலு மடங்காக்கிச் சொல்கிற கதை இல்லை. என் சிநேகிதன் ஒருவன் எலெக்ட்ரீஷியன். அவனுடைய கூடப்பிறந்த அக்கா வீட்டில் நடந்தது. காரில் போனவர் அந்த அக்காவின் புருஷன், அவனுக்கு அத்தான். அவனோடு போய்ப் போய் எனக்கும் அவர் அத்தான்தான். அந்த வீட்டில் நான் சாப்பிட்டிருக்கிறேன். அந்த மாடிப்படியில் ஏறியிருக்கிறேன்.

அத்தான் பல் செட் செய்கிறவர். டாக்டர் அளவெடுத்து அனுப்புவார், இவர் லேபில் உட்கார்ந்து பல் பல்லாகச் செதுக்கி அடுக்குவார். நல்ல கை. கோதுமை மணியில் கண், மூக்கு வைக்கச் சொன்னாலும் வைப்பார். அந்தக் கைக்கு ஏற்ற பைத்தியம் ஒன்றும் பிடித்திருந்தது... ஜப்பான் ரயில்.

பொம்மை என்று நினைத்துவிடாதீர்கள். நான் ஒருதடவை வாய் தவறி அப்படிச் சொல்லிவிட்டு, அன்றைக்கு அந்த வீட்டில் காபி கிடைக்காமல் திரும்பி வந்தேன். அசல் ரயிலை நூற்றைம்பதில் ஒரு பங்காகச் சுருக்கினால் எப்படியோ அப்படி. ஒரு பெட்டி ஒரு சாண்கூட இருக்காது. அதற்குள் சீட், கைப்பிடி, கதவு மேல் எழுத்து, எல்லாம். புத்தகம் மாதிரி திறக்கிற பிளாஸ்டிக் பெட்டி, உள்ளே கறுப்பு ஸ்பாஞ்ச், அதில் வரிசையாகப் படுத்திருக்கும். தபாலில் வந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் பிரிப்பார். மூக்கில் வைத்து முகர்வார். புது பிளாஸ்டிக்கும் மெல்லிய எண்ணெயும் கலந்த ஒரு வாசனை. அந்த நேரம் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும்! பெண்டாட்டியிடம் கூட அப்படிச் சிரித்திருக்க மாட்டார் என்று என் சிநேகிதன் சொல்வான்.

ஆனால் இதெல்லாம் ஓட இடம் வேண்டுமே. தண்டவாளம், ஸ்டேஷன், ஊர், மலை, சுரங்கம் என்று ஒரு முழு உலகத்தையே மேஜை மேல் கட்ட வேண்டும். கீழே இருக்கிற அறைகளில் ஈரம். ஈரத்தில் தண்டவாளம் கறுத்துப்போகும். மாடியில் ஒரே ஓர் அறை. காற்று வரும், வெளிச்சம் வரும், ஈரம் கிடையாது.

அதில் அவருடைய அக்கா இருந்தாள்.

தெருவில் அவளுக்குப் பட்டன் அக்கா என்று பெயர். ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் பட்டன் தைக்கிற பகுதியில் ஆயுசையே ஓட்டியவள். அப்பா, அம்மா போனபிறகு தம்பியை வளர்த்துப் படிக்கவைத்துக் கல்யாணமும் செய்துவைத்தது அவள்தான். தான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வருடக்கணக்கில் ஸ்டூலில் உட்கார்ந்து இடுப்பு போய்விட்டது. இடது காலை இழுத்து இழுத்து நடப்பாள். சரக்... தட். சரக்... தட். அவள் எங்கே வருகிறாள் என்று பார்க்காமலே சொல்லிவிடலாம். முழங்காலுக்கு எந்நேரமும் தைலம். அந்த வாசனை அவளுக்கு முன்னாலேயே அறைக்குள் வந்துவிடும்.

இடுப்பு சரியில்லாதவளைக் கீழே படுக்க வைத்திருக்கலாம். கூடத்தில் இடம் இருந்தது. என் சிநேகிதனின் அக்கா அதைத்தான் சொன்னாள். “அண்ணி கூடத்துல இருக்கட்டுங்க. நான் பாத்துக்கறேன்.”

“கூடத்துல சாமான் வைக்கணும். பலகை, பிளாஸ்டர் மூட்டை எல்லாம் எங்க வைப்பேன்?” என்றார் அத்தான். “அவளுக்குத் தூசியும் ஆகாது.”

அப்படித்தான் அந்தக் கார் போனது. வேலை முடிந்ததும் கூட்டிவருகிறேன் என்று அக்காவிடம் சொன்னார் அல்லவா... அவள் நம்பினாள். கொஞ்ச நாள் என்றதால் இரண்டு சேலைதான் எடுத்துப் போயிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை தோறும் இல்லத்து போனிலிருந்து கூப்பிடுவாள்.

“வேலை முடிஞ்சுதாடா தம்பி?”

“இன்னும் இல்லக்கா.”

பொய் சொல்லவில்லை பாருங்கள். வீட்டுக்குள் ரயில் பாதை போட்டவன் யாரும் வேலை முடிந்தது என்று சொன்னதே இல்லையாம். ஒரு மரம் குறையும், ஒரு கம்பம் குறையும், ஒரு வீட்டு ஜன்னலுக்கு வெளிச்சம் குறையும்.

என் சிநேகிதன்தான் ஒயரிங் செய்து கொடுத்தான். சும்மா சொல்லக் கூடாது, அழகு என்றால் அப்படி ஒரு அழகு. மேஜையைச் சுற்றி இரண்டு வட்டப் பாதை, உள்வட்டம் ஒன்று, வெளிவட்டம் ஒன்று. ஒரு ஸ்டேஷன். கடைத்தெரு. பல் லேபில் வாங்குகிற அதே பிளாஸ்டரில் ஒரு மலை. அதற்குள் சுரங்கம். என் சிநேகிதனின் அக்கா மட்டும் அந்த அறைக்குள் வர மாட்டாள். வாசலில் தட்டை வைத்துவிட்டுப் போய்விடுவாள். பதினைந்து நாளுக்கு ஒருமுறை பஸ் ஏறி இல்லத்துக்குப் போவாள். போகும்போதெல்லாம் அண்ணி கேட் ஓரமாக ஒரு நாற்காலி போட்டு, பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்ப்பாள். திரும்பி வந்து புருஷனிடம் சொல்வாள்.

“அடுத்த மாசம்,” என்பார் அவர்.

ஒருநாள் காலை இல்லத்திலிருந்து போன் வந்தது. அத்தான் மாடியில் மலைக்குக் கடைசிப் பூச்சு பூசிக்கொண்டிருந்தார். என் சிநேகிதனின் அக்கா போனை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடினாள். அவர் கை முழுக்க வெள்ளை. அவர் வாசல்வரை வர, அவள் வெளியே நின்றபடியே போனை அவர் காதில் பிடித்தாள். அக்காவின் உயிர் போய்விட்டது என்று சொன்னார்கள். உடனே வரவேண்டும் என்றார்கள்.

அத்தான் வாளியைப் பார்த்தார். மலையைப் பார்த்தார்.

“இப்ப வர முடியாதுங்க,” என்றார். “பிளாஸ்டர் கலக்கிட்டேன். விட்டா இறுகிடும். நீங்களே முடிச்சுடுங்க.”

போனைப் பிடித்திருந்தவள் கை அப்படியே இருந்ததாம். எதிர்முனையில் அவர்கள் இணைப்பைத் துண்டித்த பிறகும். அவர் திரும்பிப் போய்க் கரண்டியை எடுத்து மலையைத் தடவ ஆரம்பித்துவிட்டார். அவள் மட்டும் தனியாகப் போய் எல்லாவற்றையும் முடித்துவிட்டு வந்தாள். வந்து குளித்தாள். சமைத்தாள்.

சில நாள் கழித்து, மலை காய்ந்ததும், அத்தான் முதல் வண்டியை விட்டார்.

பச்சைக்கோடு போட்ட பயணிகள் வண்டி. கன்ட்ரோல் பெட்டியின் திருகைத் திருப்பினால் கரண்ட் ஏறும், வண்டி நகரும். டிடிக் டிடிக், டிடிக் டிடிக்... பெட்டிக்குள் எல்லாம் குட்டி விளக்கு. மலைக்குள் போய், வெளியே வந்து, ஊரைச் சுற்றி, ஸ்டேஷனுக்கு வருகிறது. அத்தானுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டதாம். திருகைக் குறைத்து வண்டியை ஸ்டேஷனில் நிறுத்தினார்.

அமைதி.

கீழே கேட் பக்கம்... சரக். தட்.

ஒரே ஒரு தடவைதான். அவர் மனைவியைக் கூப்பிட்டுக் கேட்டார், “கேட்டுல யாரு?” யாரும் இல்லை என்றாள். சரி என்று திரும்ப வண்டியை விட்டார்.

மறுநாள் வண்டி நின்றபோது அந்தச் சத்தம் முற்றத்தில் கேட்டது. அதற்கு மறுநாள் வாசற்படியில். கூடவே தைலம் வாசனை. முதலில் லேசாக... பிறகு மூக்கை எரிக்கிற மாதிரி.

அத்தான் பயந்தாங்கொள்ளி இல்லை. சோதித்துப் பார்த்தார். வண்டி ஓடுகிறவரை ஒரு சத்தமும் இல்லை. நிறுத்தினால், சரக். உடனே திருகைத் திருப்பினால்... அடுத்த ‘தட்’ கேட்பதில்லை. தூக்கின கால் தூக்கினபடியே நிற்கிறது. அவர் காத்திருந்தார். ஒரு மணி நேரம் வண்டியை ஓடவிட்டார். அப்புறம் நிறுத்தினார்.

தட்.

கால் கீழே வைக்கப்பட்டது.

அது பின்னால் போவதில்லை என்பதையும் அப்போதுதான் புரிந்துகொண்டார். நிறுத்துகிற ஒவ்வொரு தடவையும் முன்னால்தான் வருகிறது. வாசல் தாண்டிவிட்டது. கூடம் தாண்டிவிட்டது. இவருடைய சோதனையால் மாடிப்படியின் முதல் படிக்கே வந்துவிட்டது.

அன்றிலிருந்து வண்டியை நிறுத்தவில்லை.

யோசித்துப் பாருங்கள். ஒரு சாண்கூட இல்லாத பெட்டி, அதற்குள் கடுகு மாதிரி ஒரு மோட்டார். அது எத்தனை மணி நேரம் ஓடும்? சூடாகும், கரிவாடை வரும். அது சாவதற்கு முன்னாலேயே இன்னொரு வண்டியை வெளிவட்டத்தில் ஓடவிட வேண்டும். ஏதாவது ஒன்று ஓடிக்கொண்டே இருந்தால் போதும். கரண்ட் போனால்? என் சிநேகிதனைக் கூப்பிட்டு பேட்டரி வைக்கச் சொன்னார். “ஒரு நொடி கூட விடாம பிடிக்கணும்டா.” இவன் எதற்கு என்று கேட்டான். “வண்டிக்கு நல்லதில்ல,” என்றார். முகத்தில் தாடி. கண் உள்ளே போயிருந்தது. லேபிலிருந்து போன் மேல் போன். பாதி செய்த பல் செட்டுகள் அங்கே கிடக்கின்றன, யார் யாரோ வாய் பொக்கையாகக் காத்திருக்கிறார்கள். அவர் போகவே இல்லை.

ஒவ்வொரு வண்டியாகப் போய்க்கொண்டிருந்தது. அதுதான் கொடுமை. எந்தப் பெட்டியின் மேல் ஒரு விரல்ரேகை பட்டால் சோறு இறங்காதோ, அந்தப் பெட்டிகளை அவரே ஸ்பாஞ்சிலிருந்து பிடுங்கித் தண்டவாளத்தில் வைத்தார். நீல நிறப் படுக்கை வண்டி போனது. மூக்கு நீண்ட புல்லட் ரயில் போனது. சக்கரத்தில் கறுப்பு, கூரையில் கீறல். செத்த வண்டிகளை மூலையில் தூக்கி எறிந்தார். குப்பை மாதிரி குவிந்தன.

அதையும் மீறி இடையிடையே நின்றது. தூசியில் ஒருதடவை. சக்கரம் இறங்கி ஒருதடவை. ஒவ்வொரு தடவையும் ஒரு படி, இரண்டு படி... மாடிப்படித் திருப்பத்தில் அந்தக் கால் வந்து நின்றது.

அன்றைக்குத்தான் மனைவியிடம் வாயைத் திறந்தார். எல்லாவற்றையும் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டே நின்றாள். அழுவாள், கையைப் பிடிப்பாள் என்று அவர் எதிர்பார்த்திருக்கலாம். அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

“இப்ப எங்க நிக்கிறாங்க?”

“திருப்பத்துல.”

அவள் தலையை ஆட்டினாள்.

“எனக்குத் தூக்கம் தாங்கலை,” என்றார். “நீ கொஞ்சம் பாத்துக்கோ. வண்டி நிக்கக் கூடாது. சூடானா அடுத்ததை எடுத்து வெளி வட்டத்துல வை. நிக்க மட்டும் விட்டுடாதே... உன்னைக் கெஞ்சிக் கேக்கறேன்.”

அதுவரை அந்த அறை வாசலைத் தாண்டாதவள் உள்ளே வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். அவர் சொல்லிக்கொடுத்தார், அவள் கற்றுக்கொண்டாள். சில நாள் நன்றாகவே பார்த்துக்கொண்டாள். அவர் பகலில் மூன்று மணி, நான்கு மணி நேரம் தூங்கினார். முகத்தில் கொஞ்சம் ரத்தம் வந்தது.

ஒருநாள் சாயங்காலம். ஜன்னலில் இன்னும் வெளிச்சம் இருக்கிறது. அத்தான் தரையில் பாய் போட்டுக் குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறார். வண்டி ஓடுகிறது. பெட்டிக்குள் இருந்த கடைசி வண்டி அது. வாங்கியதிலிருந்து ஒருதடவைகூட ஓட்டாமல் வைத்திருந்த சிவப்பு வண்டி. டிடிக் டிடிக், டிடிக் டிடிக்...

அவள் திருகை இடது பக்கம் திருப்பினாள். மெதுவாக. வண்டி ஸ்டேஷனில் ஒழுங்காக வந்து நின்றது. பேட்டரியின் பிளக்கைப் பிடுங்கினாள். கரண்ட் ஒயரைக் கையோடு எடுத்துக்கொண்டாள். வெளியே வந்து கதவைச் சாத்தி, மேல் தாழ்ப்பாளைப் போட்டாள். போய்ப் படியில் உட்கார்ந்துகொண்டாள்.

சத்தத்தில் எழுகிறவர்கள் உண்டு. அத்தான் சத்தம் இல்லாததில் எழுந்தார்.

முதலில் திருகைத் திருப்புகிற சத்தம். டக், டக், டக். பிறகு கதவு.

“ஏய்! என்ன பண்ணே? கரண்ட் எங்க? கதவைத் திற!”

அவள் ஒயரைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டாள்.

“கேக்குதா உனக்கு? தைலம் நாறுது... அய்யோ, கதவைத் திறடி! நான் உனக்கு என்ன பண்ணேன்?”

“எனக்கு ஒண்ணும் பண்ணலைங்க,” என்றாள் அவள்.

அவர் தட்டினார். தோளால் இடித்தார். வண்டியைத் தள்ளிப் பார்த்தார், கையால், குழந்தைகள் தள்ளுவது மாதிரி. சக்கரம் உருளுகிற சத்தம் வெளியே கேட்டதாம். அது செல்லாது போலிருக்கிறது. ஓடுவது வேறு, தள்ளுவது வேறு. கொஞ்ச நேரத்தில் கதவைத் தட்டுவது நின்றது. அவர் கதவைவிட்டு விலகிப் பின்னால் போகிற சத்தம். ஏதோ கீழே விழுந்து உடைகிற சத்தம். அப்புறம் அவர் குரல், ஐந்து வயதுப் பையன் குரல் மாதிரி... “அக்கா?”

அதற்கப்புறம் ஒன்றுமில்லை.

விடிந்ததும் அவள் அறையைப் போய்ப் பார்த்தாள். நீங்கள் பிணத்தை எதிர்பார்க்கிறீர்கள். இல்லை. அத்தான் உயிரோடு இருந்தார். இன்றைக்கும் இருக்கிறார்.

அவர் மேஜையைச் சுற்றி நடந்துகொண்டிருந்தார். வாசலில் நின்றவளை ஒரு கம்பத்தைத் தாண்டுவது மாதிரி தாண்டிப் போனார். பேசவில்லை. நிற்கவில்லை. முதுகை வளைத்து, இரண்டு கையையும் பின்னால் கோத்துக்கொண்டு... யாரையோ உப்புமூட்டை தூக்கிக்கொண்டு போகிற மாதிரி. மூச்சு இரைக்கிறது. உள்ளங்கால் வெடித்து, தரையெல்லாம் வட்டமாக ரத்தம்.

டாக்டர்கள் வந்தார்கள். வாயில் நுழையாத ஒரு பெயர் சொன்னார்கள். ஊசி போட்டால் படுக்கிறார், ஆனால் படுக்கையில் கால் மட்டும் போய்க்கொண்டே இருக்கிறது. மேஜையை எடுத்துவிட்டார்கள். வெறும் அறை. அப்படியும் அதே வட்டம், அதே வளைவு. ஸ்டேஷன் இருந்த இடம் வந்தால் வேகமாகப் போகிறார். சாப்பாட்டை மனைவி உருண்டையாகப் பிடித்துக்கொண்டு வட்டத்துக்கு வெளியே நிற்பாள். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வாய். கோபமே இல்லாமல் ஊட்டுவாள். ஒருவேளைகூடத் தவறியதில்லை.

என் சிநேகிதன் ஒருமுறை அவரோடு கூடவே சுற்றி நடந்திருக்கிறான். “அத்தான், கொஞ்சம் நில்லுங்க. ஒரே ஒரு நிமிஷம்...”

அவர் திரும்பிப் பார்க்காமல் சொன்னார், “கனக்குதுடா. ஆனா நின்னா இறங்கிடுவா.”

அவ்வளவுதான் அவர் பேசிய பேச்சு.

இந்தக் கதையில் நான் சொல்லாமல் வைத்திருந்தது ஒன்று இருக்கிறது. சிநேகிதனும் ரொம்ப நாள் யாருக்கும் சொல்லவில்லை. அறையில் போட்ட ஒயரிங்கை எல்லாம் கழற்ற ஒருநாள் அவன் போயிருந்தான். பகல் வேளைதான். வேலை முடிந்து, ஒயரைச் சுருட்டிக்கொண்டே இறங்குகிறான். அவன் அக்கா படியில் உட்கார்ந்து துவைத்த துணியை மடித்துக்கொண்டிருக்கிறாள். மேலே அத்தான் காலடிச் சத்தம், சுற்றிச் சுற்றி. இவனுக்கு மனசு கேட்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தான்.

“அக்கா... அன்னிக்கு ராத்திரி முழுக்க நீ இங்கதானே உக்காந்திருந்தே? எதையாவது பாத்தியா?”

“பாக்கலை. கண்ணை மூடிக்கிட்டேன்.”

“சத்தம்?”

அவள் ஒரு சட்டையை எடுத்து உதறினாள். மடித்தாள். மடியில் வைத்து நீவினாள்.

“‘கொஞ்சம் தள்ளிக்கம்மா’ன்னு கேட்டாங்க. தள்ளி உக்காந்தேன்.”

சிநேகிதன் கையிலிருந்த ஒயரைக் கீழே வைத்தான். ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, அப்போது தோன்றியதைக் கேட்டான்.

“ஆனா... கதவுல தாழ்ப்பாள் போட்டிருந்துச்சேக்கா?”

“ஆமா,” என்றாள் அவள். “அவங்களுக்குக் கை எட்டலை. நான்தான் எழுந்து போய்த் திறந்துவிட்டேன்.”